அத்தையின் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வருவதில்லை. இப்படிச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை; ஆகையால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்கு நான் பத்திரிகை ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறேன். இரவு திரும்பி வரும்போது அத்தை தம்முடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பிறகு சண்டை போட நேரம் ஏது?

அந்தக் கம்ப்யூட்டர் 2010-ம் வருஷம் மாமா வாங்கியது. விண்டோஸ் 7 ரகம். அரிசி மூட்டையைப் போல் கனம். கிளம்பும்போது மாவு மில்லைப் போல் சத்தம். அதில்தான் மாமா, ஐம்பத்தெட்டு வயதில் அத்தைக்குத் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டையின் மேலும் 'அ', 'ஆ', 'க' என்று தம் கையாலேயே எழுதித் துண்டுக் காகிதங்களை ஒட்டினார். மாமா 2016-ல் காலமானார். காகிதங்கள் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கனடாவிலிருக்கும் என் நாத்தனாருக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அத்தை அந்தக் கம்ப்யூட்டரில்தான் கடிதம் எழுதி அனுப்புவார். "போனில் பேசினால் போதாதா, அத்தை?" என்று ஒரு தடவை கேட்டு வைத்தேன்.

"பேச்சு காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் அவளுக்கு மனசு சரியில்லாத அன்றைக்கு எடுத்துப் படித்துக் கொள்வாள்" என்றார்.

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கம்ப்யூட்டரைக் கழற்றி, பழம் புடவையால் மூடி, ஒரு வாரம் மூலையில் வைத்திருந்தோம். திரும்ப மாட்டியபோது இண்டர்நெட் வரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை கனடாவுக்குக் கடிதம் போகவில்லை.

கடையிலிருந்து ரிப்பேர்க்காரப் பையன் ஒருவன் வந்தான். ஐந்து நிமிஷம் பார்த்தான். "மேடம், விண்டோஸ் ஏழுக்கு 2020 ஜனவரி 14-ம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னான். இவரும், "வாங்கிவிடலாமே!" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். இரவு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, ஈரத் துணியால் அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொண்டிருந்தார், காகிதம் கிழியாமல்.

ஞாயிற்றுக்கிழமை நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? ஆபீசில் ஒரு செய்தி தப்பாக வந்துவிட்டால், எந்தக் கையில் பிசகு நேர்ந்தது என்று ஒவ்வொரு கையாகப் பின்னால் போய்ப் பார்ப்போம். அந்தப் பழக்கம் ஒன்றுதான் என் மூலதனம்.

திரையின் கீழ் மூலையில் இண்டர்நெட் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. கம்பியே சேரவில்லை என்று அர்த்தம். பின்புறம் பார்த்தேன். கம்பியின் முனை பாதிதான் உள்ளே போயிருந்தது. 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினேன். பக்கத்தில் சின்ன விளக்கு கண் சிமிட்டியது. சிவப்புக் குறி போய், மஞ்சள் முக்கோணத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்தது. எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று டைப் அடித்தேன். கம்ப்யூட்டரின் விலாசம் 169.254 என்று ஆரம்பித்தது. சகோதரிகளே, இந்த எண்ணை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டிலுள்ள ரௌட்டர் பெட்டிதான் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் விலாசம் கொடுக்க வேண்டும். கேட்டுக் கேட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் தானே 169.254 என்று ஒரு விலாசத்தை வைத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு தெருவுக்குப் போக முடியாது. ரௌட்டரை அணைத்து, அரை நிமிஷம் கழித்துப் போட்டேன். அது நிதானத்துக்கு வந்ததும் கம்ப்யூட்டரை மறுபடி விலாசம் கேட்கச் சொன்னேன். 192.168 என்று ஒழுங்கான விலாசம் வந்தது.

அடுத்தது 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது இது. கடலுக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். "இருக்கிறாயா?" என்று கூப்பிட்டால் "இருக்கிறேன்" என்று பதில் வரும். முதலில் ரௌட்டரைக் கூப்பிட்டேன், பதில் வந்தது. வெளியுலகில் 8.8.8.8 என்ற விலாசத்தைக் கூப்பிட்டேன். அதுவும் பதில் சொன்னது. எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் பதில்! பெயரைக் கண்டால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடும் சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

வெற்றிப் பெருமிதத்தோடு அத்தையின் தபால் பக்கத்தைத் திறந்தேன். "இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல" என்று கதவைச் சாத்திவிட்டது! வேறு பக்கங்களும் அப்படியே.

அரை மணி நேரம் திருதிருவென்று விழித்தேன். பின்னால் நின்ற அத்தைதான் சொன்னார்: "ஏம்மா, மணி தப்பாகக் காட்டுகிறதே?"

மூலையைப் பார்த்தேன். மணி மட்டுமா தப்பு? தேதி, 2010 ஜனவரி 1!

விஷயம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு தளமும் தன் கையில் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. சீசன் டிக்கெட் மாதிரி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று. டிக்கெட் பரிசோதகர் பழைய காலண்டரை வைத்துக்கொண்டிருந்தால், இன்றைய டிக்கெட்டை "இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றுதானே சொல்வார்? கம்ப்யூட்டருக்குள் காசு மாதிரி ஒரு பாட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. ஒரு வாரம் கழற்றி வைத்தோமல்லவா? கடிகாரம் ஆரம்பத்துக்கே திரும்பிவிட்டது.

இதையெல்லாம் அத்தைக்கு விளக்கினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"2010-ஆ? அப்போது உன் மாமா இருந்தார்" என்றார். சற்றுப் பொறுத்து, "அது அப்படியே இருந்தால் என்னம்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "அப்படியே இருந்தால் கடிதம் போகாது, அத்தை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "சரி, மாற்றிவிடு. அவள் காத்துக்கொண்டிருப்பாள்" என்றார்.

பாட்டரியின் பெயர் சி.ஆர். 2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மூன்று வோல்ட். ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, சின்னக் கொக்கியை நகர்த்தியதும் பழையது எழும்பி வந்தது. எழுத்துள்ள பக்கம் மேலாக இருக்கும்படி புதியதை வைத்தேன். தேதியைத் திருத்தினேன். தபால் பக்கம் திறந்துகொண்டது.

ரிப்பேர்க்காரப் பையன் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது, அத்தையிடம் சொல்லிவிட்டேன். பழைய கடிதங்களை எல்லாம் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன். "என்றைக்காவது புதுசு வாங்கத்தான் வேண்டியிருக்கும், அத்தை. ஆனால் இந்தக் கட்டைப் பலகையைக் கழற்றி அதிலேயே மாட்டிக்கொள்ளலாம்" என்றேன்.

"நிஜமாகவா? காகிதத்தோடேயா?"

"காகிதத்தோடேயே."

அத்தையின் முகத்தில் ஒரு வாரமாகக் காணாத வெளிச்சம் வந்தது. "இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குக் கவலைப்பட்டுக்கொண்டு, உனக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வாய்க் காப்பிகூடக் கொடுக்கவில்லையே!" என்று சமையலறைக்கு ஓடினார்.

காப்பியைக் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். போன வாரத்துக் கடிதம், இந்த வாரத்துக் கடிதம் இரண்டையும் எழுதி முடிக்க இரவு பத்து மணியாகிவிட்டது. அன்றைக்கும் சண்டை போட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.