வேகமும் விவேகமும்

சம்பூர்ப் பழைய மாணவன் ஒருவன்

கல்லூரியின் விழா மலரில் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். சமயமும் தமிழும் வளர்த்த நிறுவனத்தின் மலரிலே, மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் விரையும் வண்டிகளுக்கு என்ன இடம் என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும் இப்பொருளை எனக்கு எடுத்துத் தந்தவர்கள் மாணவர்களே. இளைப்பாறிய பின் சம்பூரில் மாலை வேளைகளிற் சில பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகின்றேன். 2025ஆம் ஆண்டில் அவர்களுள் இருவர் பாடம் முடிந்ததும் ஓயாது வாதிடுவர். இத்தாலி நாட்டு இளஞ்சாரதி கிமி அந்தொனெல்லி பதினெட்டு வயதிலேயே பெரியோருக்குச் சமமாக ஓட்டுகின்றான் என்பான் ஒருவன். நான்கு முறை உலகப் பட்டம் பெற்ற மக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு முன் அவன் வெறும் பொடியன் என்பான் மற்றவன். "சேர், நீங்கள் சொல்லுங்கோ, ஆர் திறம்?" என்று என்னிடம் தீர்ப்புக் கேட்பர். அவ்வினாவை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. இளையவரின் ஆற்றலை மூத்தவரின் ஆற்றலோடு எங்ஙனம் ஒப்பிடுவது என்பது, பந்தயத்தை மட்டுமன்றி நம் ஊரையும் கல்லூரியையும் தொடும் வினாவாகும்.

முதலில் ஓர் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டும். மோட்டார்ப் பந்தயத்தில் ஓடுபவன் மனிதன் மட்டுமல்லன். அவனது வண்டியும் ஓடுகின்றது. நல்ல எருது பூட்டியவனையும் நோஞ்சான் எருது பூட்டியவனையும் ஒரே வயலில் விட்டு, யார் சிறந்த உழவன் என்று கேட்பது எத்துணை நேர்மையானதோ, அத்துணை நேர்மையானதே வெவ்வேறு அணிகளின் சாரதிகளை முடிவுப் பட்டியல் கொண்டு அளப்பதும். ஆகையால் இத்துறையை நன்கறிந்தோர், ஒரே அணியில் ஒரே வகை வண்டியை ஓட்டும் இருவரையே முதலில் ஒப்பு நோக்குவர்.

அத்தகைய ஒப்பீட்டுக்கு 1984ஆம் ஆண்டினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பதரிது. அவ்வாண்டில் மக்லாரன் அணியில் இருவர் இருந்தனர். ஒருவர் ஒஸ்திரியாவின் நிக்கி லவுடா, வயது முப்பத்தைந்து, இரு முறை உலகப் பட்டம் வென்றவர், 1976இல் ஜேர்மனியிற் பந்தயத் தீயில் வெந்து சாவின் வாயிலைக் கண்டு மீண்டவர். மற்றவர் பிரான்சு நாட்டின் அலன் புரோஸ்ட், இருபத்தொன்பது வயதினர், அதுவரை பட்டம் பெறாதவர். இருவருள் வேகமானவர் இளையவரே. பதினாறு பந்தயங்களில் புரோஸ்ட் ஏழில் வென்றார். லவுடா ஐந்தில் வென்றார். ஆயினும் ஆண்டிறுதியில் லவுடாவுக்கு 72 புள்ளிகள், புரோஸ்டுக்கு 71½. அரைப் புள்ளியால் பட்டம் மூத்தவரைச் சேர்ந்தது.

அந்த அரைப் புள்ளியின் கதையும் அறியத்தக்கது. அவ்வாண்டு மொனாக்கோவிற் பெருமழை. முதல் ஆண்டிலே ஓட்டிய அயர்ட்டன் சென்னா என்னும் இருபத்து நான்கு வயதுப் பிரேசில் இளைஞர், வலிமை குன்றிய வண்டியொன்றில் முன்னின்ற புரோஸ்டை நெருங்கிக்கொண்டிருந்தார். மழை மிகுந்ததாற் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டது. வென்றவர் புரோஸ்ட். ஆனால் பாதித் தூரமும் ஓடாத பந்தயமாதலால், ஒன்பதுக்குப் பதிலாக நாலரைப் புள்ளிகளே கிடைத்தன. பந்தயம் முழுமையாக ஓடி, சென்னாவிடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தாற்கூட ஆறு புள்ளிகள் கிடைத்திருக்கும். உலகப் பட்டமும் அவருடையதாயிருக்கும்! லவுடாவோ, போர்த்துக்கலில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பதினோராம் இடத்திற் புறப்பட்டு, ஒவ்வொருவராகக் கடந்து, தமக்குத் தேவைப்பட்ட இரண்டாம் இடத்தைப் பெற்றார். அதற்கு மேல் ஓர் அடியும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்பதை அறிவது ஆற்றல். எவ்வளவு போதும் என்பதை அறிவது முதிர்ச்சி. தோற்ற புரோஸ்ட் மூத்தவரிடம் அதனைக் கற்றார் போலும். அடுத்த ஆண்டே அவர் பட்டம் வென்றார். பின்னர் மேலும் மூன்று முறை வென்றார்.

ஆகவே ஆற்றல் இளமையோடு வருவது, முதிர்ச்சி வயதோடு வருவது என்று முடித்துவிடலாமா? அங்ஙனமாயின் வயது சென்ற எல்லோரும் வாகையராக வேண்டுமே! முதிர்ச்சி எங்கிருந்து வருகின்றது என்பதை அறிய 2007ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு யப்பானின் பூஜி ஓடுகளத்தில் மழையிடையே, செபஸ்தியான் வெட்டல் என்னும் இருபது வயது ஜேர்மன் இளைஞர் ஒரு சிறிய அணியின் வண்டியில் மூன்றாம் இடத்தில் இருந்தார். பாதுகாப்பு வண்டியின் பின்னே எல்லோரும் மெல்லச் செல்லும் வேளையில், தமக்கு முன்னே சென்ற மார்க் வெபரின் வண்டியின் பின்புறத்தில் மோதினார். இருவர் பந்தயமும் முடிந்தது. அவர் கண்ணீர் விட்டதை உலகம் தொலைக்காட்சியிற் கண்டது. ஒரு வாரத்தின் பின் சீனாவின் சாங்காயில், அதே இளைஞர் பதினேழாம் இடத்திற் புறப்பட்டு நான்காவதாக வந்தார். அதே நாளில், தம் முதலாம் ஆண்டிலேயே உலகப் பட்டத்தை எட்டிப் பிடிக்கும் நிலையில் இருந்த லூயிஸ் ஹமில்டன், தேய்ந்த ரயர்களோடு தரிப்பிடத்துக்குத் திரும்பும் வழியிற் சறுக்கிச் சரளைக் கற்களிற் புதைந்தார். ஆண்டிறுதியில் ஒரே புள்ளியாற் பட்டத்தை இழந்தார்.

இவ்விருவருக்கும் பின்னர் நிகழ்ந்தது யாது? இருவர் அணிகளும் அவர்களைக் கைவிடவில்லை. 2008இல் ஹமில்டன் ஒரே புள்ளியாற் பட்டத்தை வென்றார். அவ்வாண்டே வெட்டல் இத்தாலியின் மொன்சாவில் அதே சிறிய அணிக்கு வெற்றி தேடித் தந்தார். பின்னர் 2010 முதல் 2013 வரை நான்கு பட்டங்களைத் தொடர்ந்து பெற்றார். அழுத இளைஞனுக்கு அடுத்த வாரமும் ஒரு வண்டி காத்திருந்தது. அவனது முதிர்ச்சியின் வித்து அந்த வண்டியிலேயே இருந்தது என்பேன்.

வெர்ஸ்டாப்பனின் வரலாறும் இதனையே சொல்லும். 2015இல் அவுஸ்திரேலியாவில் முதன்முதலாக ஓட்டியபோது அவருக்கு வயது பதினேழு. வீதியிற் கார் ஓட்டும் அனுமதிப் பத்திரமும் அப்போது அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஓட்டலாகாது என ஆளும் சபையினர் விதி வகுத்திருந்தனர். 2016இல், பதினெட்டு வயதில், ஸ்பெயினில் அவர் வெற்றி பெற்றார். ஆற்றலில் யாருக்கும் ஐயமில்லை. எனினும் 2018இன் தொடக்கத்திற் பந்தயத்துக்குப் பந்தயம் ஏதேனும் ஒரு தவறு. சீனாவில் வெட்டலின் வண்டியோடு மோதினார்; மொனாக்கோவிற் பயிற்சியின்போது சுவரில் மோதி, கடைசி இடத்திலிருந்து புறப்பட நேர்ந்தது. அணி பொறுத்தது. 2021 முதல் 2024 வரை நான்கு பட்டங்கள் அதன் பயன்.

இனி, மாணவர்கள் வாதிட்ட அந்தொனெல்லியிடம் வருவோம். 2024 ஓகஸ்டு மாத இறுதியில், மொன்சாவில் மெர்சிடிஸ் அணியினர் அவருக்கு முதன்முறையாக ஒரு பந்தய வார இறுதிப் பயிற்சியில் வண்டியைக் கொடுத்தனர். சில நிமிடங்களிலேயே மிகு வேகத்தில் வளைவைத் தவறவிட்டு அவ்வண்டியை மோதி நொறுக்கினார். மறுநாள் அணியினர் செய்தது என்ன? ஏழு பட்டம் பெற்ற ஹமில்டன் விட்டுச் செல்லும் ஆசனம் இவருக்கே என்று உலகறிய அறிவித்தனர். மோதிய மறுநாள்! வருங் காலத்தைக் கணிக்கத் தெரிந்தவர் செயல் அது. 2025இல் மழை பெய்த மெல்பேண் பந்தயத்திலே அவர் நான்காவதாக வந்தார். அவ்வாண்டு யூனில் ஒஸ்திரியப் பந்தயத்தின் முதற் சுற்றிலேயே பிறேக்கைப் பிடித்த சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, வெர்ஸ்டாப்பனின் வண்டியில் மோதினார். இருவரும் வெளியேற நேர்ந்தது. வாகையரான வெர்ஸ்டாப்பன் சீறவில்லை. இத்தகைய தவறு எல்லாச் சாரதிகளும் செய்ததே என்ற கருத்துப்படப் பேசினார். தம் 2018ஐ அவர் மறக்கவில்லை போலும். அவர் பெற்ற வெற்றிகள் பலவற்றிலும் எனக்கு அந்தச் சொல்லே பெரிதாகத் தோன்றிற்று.

நம்மவர் ஒருவரின் கதையை இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்தான் அணியில் ஓட்டி, போர்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். தந்தையாரும் மோட்டார்ப் போட்டிகளிற் பெயர் பெற்றவர். சென்னைக்கருகே சோழவரத்தில், நம் சீனன்குடாவைப் போலப் போர்க்கால விமானத் தளமாயிருந்த ஓர் இடத்தில் வளர்ந்து, பின் சிறீபெரும்புதூருக்கு அருகே முறையான ஓடுகளத்தைப் பெற்ற மரபு அது. 2005 யூனில் ஐக்கிய அமெரிக்காவில் ரயர்ச் சிக்கலாற் பதினான்கு வண்டிகள் விலகிக்கொள்ள, ஆறு வண்டிகளே ஓடின. கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். போர்முலா 1இல் அவர் பெற்ற புள்ளிகள் அவ்வளவே. ஓராண்டோடு ஆசனம் போயிற்று. மீண்டும் 2011இல் கிடைத்தபோது வரிசையின் கடைசியில் ஓடும் வண்டியே வாய்த்தது. எனினும் அவ்வாண்டு டில்லிக்கருகே நடந்த இந்தியப் பந்தயத்தில், ஒரே வகை வண்டியில் ஓடிய டானியல் ரிக்கார்டோ என்னும் இளைஞருக்கு முன்னே அவர் முடித்தார். அந்த ரிக்கார்டோ பின்னர் எட்டுப் பந்தயங்களில் வென்றவர் என்பதை நினைவு கூர்க.

2012இல் மலேசியாவின் செப்பாங்கில், வெட்டல் கார்த்திகேயனைக் கடக்கும்போது இரு வண்டிகளும் உரசின. வெட்டலின் ரயர் வெடித்தது, புள்ளிகள் போயின. தண்டனை கார்த்திகேயனுக்கே கிடைத்தது. இரு பட்டங்கள் பெற்ற இருபத்து நான்கு வயது வாகையர், முப்பத்தைந்து வயதுக் கடைவரிசைச் சாரதியைக் கையசைப்பாலும் சொல்லாலும் இழித்தார். பூஜியில் வெபரின் பின்புறத்தில் மோதியவர் அவரே அன்றோ! பட்டம் இருந்தும் முதிர்ச்சி ஒரு நாள் தவறலாம் என்பதற்கு இது சான்று. கார்த்திகேயனோ ஓட்டுவதை விட்டுவிடவில்லை. 2019 நவம்பரில், நாற்பத்திரண்டு வயதில், யப்பானியரும் ஜேர்மானியரும் சேர்ந்து நடத்திய பந்தயமொன்றில் வெற்றி பெற்றார். இடம் அதே பூஜி. அவருக்கு ஆற்றல் குறைவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்தவை அவருக்குக் கிடைத்த தருணங்களே.

இவற்றையெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பது சம்பூரிலிருந்து. 2006 ஏப்ரலில் எங்கள் ஊர் மக்கள் இடம் பெயர்ந்தனர். கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம் வாழ்வு. காணிகள் மீண்டது 2015இலும் அதன் பின்னருமே. கொட்டியாரக் குடாவில் மீண்டும் தோணி தள்ளியோருள் இரு இளைஞரை நான் அறிவேன். இருவரும் பதினெட்டு வயதினர். இருவரும் கடன்பட்டுப் படகும் வலையும் வாங்கினர். கடலறிவில் ஒருவருக்கொருவர் இளைத்தவரல்லர். முதல் மாரியிலேயே இருவரும் வலையைப் பறிகொடுத்தனர். ஒருவனிடம் கடன் கொடுத்தவர் படகையும் எடுத்துக்கொண்டார். அவன் இன்று மத்திய கிழக்கில் லொறி ஓட்டுகின்றான். மற்றவனிடம் அவன் மாமனார் சொன்னார்: "வலைதானே மருமகன் போனது, நீ போகல்லையே. நாளைக்கு என்ட வலையை எடுத்துக்கொண்டு போ." இன்று கரையில் எல்லோரும் காற்றின் போக்கை அவனிடமே கேட்கின்றனர். இவன் முதிர்ந்தவன், அவன் முதிராதவன் என்று ஊர் பேசுகின்றது. இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு ஒரு வலையே என்பதை ஊர் மறந்துவிட்டது.

பந்தய ஓடுகளத்தில் வளைவுகளின் வெளியே சரளைக்கல் பரப்பி வைத்திருப்பர். தவறிய வண்டியின் வேகத்தைத் தணித்து, சுவரில் மோதாது அது காக்கும். அப்பரப்பு இல்லாத களத்தில் ஓடும் இளைஞன் முதற் பிழையிலேயே அழிவான். பிழை செய்து பிழைத்தவனே பின்னர் வாகையனாவான். சாரதியின் முதிர்ச்சி என்று நாம் புகழ்வதிற் பாதி அவனுடையது; மறு பாதி அவன் தவறியபோது தாங்கியவர்களுடையது.

ஆதலால் மாணவர் கேட்ட வினாவுக்கு என் விடை இது: அந்தொனெல்லி சிறந்தவரா என்பதை அவருக்கு இன்னும் எத்தனை தருணங்கள் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே காலம் சொல்லும். பழைய மாணவர்களாகிய நமக்கோ இவ்விடையிற் கடமை ஒன்று உண்டு. பரீட்சையில் முதன்முறை தவறிய பிள்ளைக்கு இரண்டாம் முறைக்கான கட்டணம், வேலையில் தடுமாறிய இளைஞனுக்கு ஒரு நல்ல சொல், சங்கத்தின் பொறுப்பை இளையவர் ஏற்றுத் தவறினால் அதைப் பிடுங்காதிருக்கும் பொறுமை ஆகிய இவையே நாம் பரப்பக்கூடிய சரளை. கல்லூரி நமக்கு இவற்றைத் தந்தது. நம்முள் முதற் பிழையிலேயே வெளியேற்றப்படாதவர் பலர் உளர். அக்கடனை வாங்கியவரிடம் திருப்பிக் கொடுக்க இயலாது. அடுத்து வருபவருக்கே கொடுக்க இயலும்.