பதின்மூன்றாம் நிலை

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்குப் போகும்போது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவும் என்னோடு வருவா. அவ சைவம். பூசிய திருநீற்றோடுதான் கோயிலுக்குள் வருவா. நாங்கள் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட, அவ சுவரோரமாக நிற்பா. 1996 இல் யாழ்ப்பாணத்தில் காணாமற்போன நூற்றுக்கணக்கானவர்களில் அவவின் மகனும் ஒருவன்.

"ஏன் அக்கா வாறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இஞ்சை ஒரு தாய் அழுகிறா. ஆரும் அவவை அழாதை எண்டு சொல்லுறேல்லை" என்றா.

உண்மைதான். தவக்காலத்தில் எங்கள் பக்கத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது. இராகமிழுத்து, ஒப்பாரி போலவே வாசிப்பார்கள். என் அம்மம்மா அதைக் கேட்டு அழுவா. இயேசுவுக்காக அழுதாவா, செத்துப்போன தன் பிள்ளைகளுக்காக அழுதாவா என்று எனக்கு விளங்கியதேயில்லை.

பதின்மூன்றாம் நிலையில் இயேசுவின் உடலை இறக்கித் தாயின் மடியில் வளர்த்துகிறார்கள். அந்த இடத்தில்தான் அக்கா ஒருமுறை என் காதோடு சொன்னா: "அந்தத் தாய்க்கு உடம்பெண்டாலும் கிடைச்சுது, பிள்ளை."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. என் அம்மாவுக்கு உடல் கிடைத்தது. 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சுற்றாடலிலும் விமானக் குண்டுகள் விழுந்தபோது, இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியிருந்த சனங்களோடு என் தங்கையும் போய்விட்டாள். செத்தவீட்டுக்கு வந்த ஒருவர் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "கடவுளே தன்ரை ஒரே மகனைத் தந்தவர். நீங்களும் ஒரு பிள்ளையைக் குடுத்திருக்கிறியள்" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தா. "நான் குடுக்கேல்லை. எடுத்தவங்கள்" என்றா.

அம்மா மறைக்கல்வி படித்தவ அல்ல. ஆனால் சிலுவையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் அந்த இரண்டு சொல்லளவுக்கு எனக்கு விளக்கம் தரவில்லை. எருசலேம் ஆலயத்தில் ஆட்டையும் மாட்டையும் புறாவையும் பலியிட்டார்கள். அவற்றை யாரும் சம்மதம் கேட்டதில்லை. இயேசு மற்றவர்களின் பாவத்துக்காகத் தன்னைத்தானே கையளித்தார், அந்தப் பலி ஒரேதரம் நடந்து முடிந்துவிட்டது, இனி வேறு பலி தேவையில்லை என்பதுதான் எங்கள் விசுவாசம். தன் உயிரைத் தானே கொடுக்கலாம். இன்னொருத்தியின் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய்விட்டு அதைத் தியாகம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, எந்தப் பக்கத்தவருக்கும்.

எங்கள் பத்திரிகைகளின் தலைப்பும் எனக்குப் பிடிப்பதில்லை. ஷெல்லடியில் பத்துப் பேர் பலி, விபத்தில் இருவர் பலி என்று போடுவார்கள். பலி என்றால் அதை வாங்குகிற ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? ஆர் கேட்டது?

கடவுள் கேட்டார் என்று நான் நம்பவில்லை. சிலுவையில் அவர் ஆணியடித்தவர்களின் பக்கம் நிற்கவில்லை, அடிபட்டவராகத் தொங்கினார். கைவிடப்பட்டதாகக் கதறினார். சீடர்களில் அநேகர் ஓடிவிட்டார்கள். அடியில் நின்றவர்களில் யோவானைத் தவிர நாங்கள் பெயர் சொல்பவர்கள் எல்லோரும் பெண்கள். படலையைத் திறந்து வைத்துக்கொண்டு இரவிரவாக முழித்திருந்த எங்கள் பெண்களுக்கு அந்த நிற்பு தெரியும். இதனால் என் துக்கம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். அம்மாவோடு கோபித்துக்கொள்ளாத ஒரு கடவுளிடம் செபிக்க முடிகிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அக்காவுக்கு ஒருநாள் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது உங்கடை தங்கச்சிக்குச் சரி. என்ரை பிள்ளை செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" என்றா.

பதினான்காம் நிலை அடக்கம். அவ அதற்கு நிற்பதேயில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் இருப்பா. இப்போது சில வருடங்களாக நானும் எழும்பி அவவோடு வந்துவிடுகிறேன். உள்ளே செபம் சொல்வது கேட்கும். நாங்கள் கதைப்பதில்லை. சனம் வெளியே வரத் தொடங்கியதும், அவ சேலையைத் தட்டிக்கொண்டு, "வா, பிள்ளை, கஞ்சி ஆறப்போகுது" என்பா.