கேரவன் வாங்கப் போறீங்களா? முதல்ல அப்பத்தாவுக்கு இடம் போடுங்க!

மாசி சிவராத்திரி வந்துவிட்டால் திருச்சுழியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளுக்கு ஒரே ஒரு ராத்திரி மட்டும் உயிர் வந்துவிடும். வருஷம் முழுக்க ஒற்றை வேப்பமரமும் நாலு பீடமுமாகக் கிடக்கும் குலசாமி கோயில்களில் சென்னை, திருப்பூர், பெங்களூரு என்று பிழைக்கப் போன பங்காளிகள் வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். கல் கூட்டி அடுப்பு, பித்தளைப் பானையில் பொங்கல், விடிய விடிய முழிப்பு, மறுநாள் பாரிவேட்டை.

எல்லோருக்கும் கொண்டாட்டம்தான், அப்பத்தாவைத் தவிர. காலையில் வேனில் ஏறியதிலிருந்து அவர் சொட்டுத் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். கேட்டால் ‘தாகமே இல்லப்பா’ என்பார். குடித்தால் எங்கே போவது? சீமைக் கருவேலம் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து எழ, வலிக்கும் முழங்கால் இடம் தராது. எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் குலசாமி பயணத்தையே நிறுத்திக்கொள்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

படுக்கை, கழிவறை, தண்ணீர்த் தொட்டியோடு ஒரு நடுத்தர கேரவன் வாங்கலாமா என்ற பேச்சு இப்போது நடுத்தர வர்க்க வீடுகளிலும் எழ ஆரம்பித்திருக்கிறது. கேரளா 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்த பிறகு, சினிமா நடிகர்களுக்குத்தான் கேரவன் என்ற நினைப்பும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஷோரூமில் கண்ணைப் பறிக்கும் வண்டி திருச்சுழிக் காட்டில் ஒரு ராத்திரி தாங்குமா என்பதுதான் கேள்வி.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் சுமார் 50 கி.மீ. வந்தால் அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் அரை மணி நேரத்தில் திருச்சுழி. பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் குண்டாற்றின் கரையில் திருமேனிநாதர் - துணைமாலையம்மன் கோயில். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்துப் பூமிக்குள் அனுப்பிய தலம் என்பதால் இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். வெள்ளத்தால் பெயர் பெற்ற ஊர் தண்ணீருக்கு ஊருணியையும் கண்மாயையும் நம்பி நிற்கிறது!

ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வீடு, சுந்தர மந்திரம் என்ற பெயரில் கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது. 1896-ல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர் அவர். குடும்பத்தோடு கிளம்பும் நமக்கு அது ஆகாது. அப்பத்தாவுக்குக் கழிவறை வேண்டும்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களும் அதைத் தாண்டிய கிராமச் சாலைகளும்தான் வண்டியின் அளவைத் தீர்மானிக்கின்றன. நம் ஊர் கேரவன்களில் பல, குலசாமி கோயிலுக்கு வாடகைக்கு எடுக்கிறோமே, அதே ஃபோர்ஸ் டிராவலர் மீதுதான் கட்டப்படுகின்றன. அதில் 3,050, 3,350, 3,700, 4,020 மி.மீ. என்று வீல்பேஸ் அளவுகள் உண்டு. 4,020-ல் உள்ளே தாராளமாகப் புழங்கலாம். ஆனால், எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் ரிவர்ஸ் எடுத்தே மாலையாகிவிடும். நாலு பேர் படுக்க 3,350 போதும். மிஞ்சிப்போனால் 3,700. கூரை மேல் ஏசி பெட்டியும் ஏறிய பிறகு மொத்த உயரம் எவ்வளவு என்று அளந்து வாங்குங்கள். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிக்கும் புளியமரக் கிளைக்கும் அந்தக் கணக்கு தேவைப்படும்.

டாடா விங்கரிலும் கட்டித் தருகிறார்கள். அது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி என்று கனமெல்லாம் பின்பக்கம் போய்விட்டால் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். ஐப்பசி மழையில் கரிசல் மண் களிம்பாக ஒட்டும்போது இது தெரியவரும். டிராவலருக்குப் பின்சக்கர இழுவை. அதற்காகச் சேற்றில் இறக்கிவிடாதீர்கள், அதுவும் புதையும். ஈரக் கரிசலில் தார் ரோட்டை விட்டு இறங்காமல் இருப்பதே உத்தமம்.

அடுத்தது ஏசி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 12 வோல்ட், 200 ஏஹெச் பேட்டரி ஒன்றில் இருப்பது 2.4 யூனிட் மின்சாரம். லெட் ஆசிட் பேட்டரியில் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் குடிக்கும். ஆக, ஒரு மணி நேரம் கழிந்ததும் உள்ளே எல்லோரும் விசிறியைத் தேடுவார்கள். லித்தியம் பேட்டரி என்றால் இரண்டு மணி நேரம்.

‘கூரையில் சோலார் இருக்கிறதே’ என்பார் விற்பவர். பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே அமைக்கும் அளவுக்கு இந்த வட்டாரத்தில் வெயில் அடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால், வண்டிக் கூரையில் 400 வாட் தகடு பதித்தால், நல்ல வெயிலில் நாளைக்கு 2 யூனிட் வந்தாலே பெரிய விஷயம். மாசி ராத்திரியில் ஏசி இல்லாமலே தூங்கலாம். சித்திரை, வைகாசிக்கு வெளியிலிருந்து கரன்ட் எடுக்க பிளக் பாயின்ட் கட்டாயம் வேண்டும். கூரைக்கும் பக்கச் சுவருக்கும் வெப்பத்தடுப்பு, எதிரெதிர் ஜன்னல், கொசுவலை, கூரையில் காற்றுப்போக்கி - ஏசிக்கு முன்னால் இவற்றுக்குக் காசு கொடுங்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? சமையலறையில்! கேட்லாக்கில் முதல் பக்கத்தில் மினுக்குவது அதுதான். ஆனால், குலசாமிக்குப் பொங்கல் வெட்டவெளியில் விறகில்தான் பொங்கும். டீ போட ஒரு சின்ன அடுப்பு போதும். அந்த இடத்தைக் கழிவறைக்குக் கொடுத்தால் இன்னொருவர் கைபிடித்து உட்காரவைக்கும் அளவுக்கு அகலம் கிடைக்கும். சுவரில் பிடிகம்பியும் பதிக்கச் சொல்லலாம்.

கேசட் டாய்லெட் என்பது கழற்றி எடுத்துக் கொட்டும் பெட்டி. நாலு பேர் புழங்கினால் ஒன்றிரண்டு நாளில் நிறைந்துவிடும். அதை வீட்டுக் கழிவறையிலோ, தங்கும் லாட்ஜிலோ கேட்டுத்தான் காலி செய்ய வேண்டும். இருட்டில் ஊருணிக் கரையோரம் சாய்த்துவிட்டுப் போவது மகா பாவம். இங்கே ஊருணித் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எடையையும் விடக் கூடாது. 120 லிட்டர் தண்ணீர் என்றால் 120 கிலோ. பேட்டரி, மெத்தை, ஆட்கள், பொங்கல் பானை எல்லாம் சேர்ந்து ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் டயருக்கும் பிரேக்குக்கும் கேடு. முழுதாக ஏற்றி ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். தொட்டிக்கு இடம் வேண்டுமென்று ஸ்டெப்னியைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கருவேல முள் யாரையும் விடாது.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சொந்தக் கேரவனை ஓட்ட, கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமமே போதும். ஆனால், பழைய வேனை வாங்கி உள்ளூர்ப் பட்டறையில் படுக்கை அடித்து ஓட்டலாம் என்று நினைத்தால் சிக்கல். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தர விதியும் உண்டு. அந்தச் சான்றையும் ஆர்.சி.யில் என்ன வகை என்று வரும் என்பதையும் பார்க்காமல் முழுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு விபத்து இழப்பீடு என்று போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடும் என்று காலண்டரை வைத்து எண்ணிப் பாருங்கள். சிவராத்திரி, ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி, பொங்கல் விடுமுறை என்று பத்துப் பதினைந்து நாள்தான் வருகிறது என்றால் வாங்கவே வேண்டாம். அதே டிராவலரை வாடகைக்கு எடுத்து, மடக்கு டாய்லெட் ஒன்றும் அதைச் சுற்றி நிறுத்தும் சின்னக் கூடாரமும் வாங்கிக்கொண்டால் அப்பத்தா தண்ணீர் குடித்துவிடுவார். மாதம் ஒரு பயணம் போகிற, நிறுத்த சொந்த இடமும் இருக்கிற வீட்டுக்குத்தான் கேரவன் கட்டுப்படியாகும்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பல வண்டிகளில் முதல் படியே முழங்கால் உயரத்தில் இருக்கும். அவர் தானாக ஏறி, உள்ளே போய்க் கதவைச் சாத்தி, திரும்பி வரட்டும். முடியவில்லை என்றால் இன்னொரு படி வைத்துத் தரச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தை எண்ணுங்கள்.