அடிமட்டம்

மகள் தன்னுடைய 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நின்றாள். கீழ் முனையில், அதைத் தொடாமல், எங்கள் பெருவிரலும் சுட்டுவிரலும். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுவாள். விழுகிற அடிமட்டத்தை எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. அவள் 17இல் பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் 25க்கு அங்காலும் இங்காலும். 17 சென்ரிமீற்றர் விழ 0.186 செக்கன், 25 விழ 0.226 செக்கன் என்று கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினாள்.

"நாற்பது மில்லிசெக்கன் பிந்திப்போனியள்" என்றாள். சிரித்தோம். வயது போனால் கை பிந்தும், அதில் வெட்கமில்லை.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. நோர்வேயில் 2015 முதல் பெண்பிள்ளைகளுக்கும் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் பொருந்தும். அவளுக்கும் பரிசோதனைக்கு அழைப்பு வந்திருந்தது. உடற்பரிசோதனையோடு அறிவுப் பரீட்சையும் உண்டு: கணக்கு, ஒத்த சொல், உருவங்களில் அடுத்தது எது என்று கண்டுபிடித்தல். அதற்குப் படிக்கப்போனவள், இந்தப் பரீட்சையின் புள்ளிகள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டு போவதாக எங்கோ வாசித்துவிட்டு வந்திருந்தாள். "அப்ப நாங்கள் உங்களைவிட மொக்கோ?" என்று கேட்டாள். பகிடிபோலத்தான் கேட்டாள். ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டில் லேசான சொல் அல்ல. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

*

பிரான்சிஸ் கோல்ரன் என்ற ஆங்கிலேயர் 1884இல் லண்டன் சவுத் கென்சிங்ரனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் ஓர் அளவைக்கூடம் வைத்தார். 3 பென்ஸ் கொடுத்தால் உயரம், நிறை, மூச்சு, கண்பார்வை, கைப்பிடியின் பலம் எல்லாம் அளந்து தருவார். கண்காட்சி முடிந்த பிறகும் கூடம் தொடர்ந்தது. 1890கள் வரை ஏறக்குறைய 17,000 பேரை அளந்தார்கள். ஒரு சைகையைக் கண்டதும் கை அசைவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும் அந்த அளவுகளில் ஒன்று. ஊசலை ஆடவிட்டு அளந்தார்கள். சராசரி 185 மில்லிசெக்கனை ஒட்டி வந்தது.

நூற்றிருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்தார்கள். இக்காலத்து ஆய்வுகளில் அதே எதிர்வினைக்கு 250 மில்லிசெக்கன் வரை போகிறது. விரைவான எதிர்வினைக்கும் புத்திக்கும் ஓரளவு தொடர்பு உண்டு என்பது தெரிந்த விஷயம். அதை வைத்து வூட்லியும் வேறு இருவரும் 2013இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விக்ரோறியா காலத்தவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள், அன்றிலிருந்து ஏறத்தாழ 14 ஐ.கியூ. புள்ளி கரைந்துபோயிற்று என்றார்கள். காரணமும் சொன்னார்கள்: புத்தி கூடியவர்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

மறுப்புகளும் உடனே வந்தன. காசு கொடுத்துக் கண்காட்சிக்கு வந்த லண்டன்காரரையும் இன்றைய பொதுசனத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஊசலையும் கொம்பியூட்டரையும் ஒப்பிடலாமா? கொம்பியூட்டர் திரையும் விசையும் தங்கள் பங்குக்குச் சில மில்லிசெக்கனைத் தின்றுவிடும். 2015இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்த ஒரு குழு, கருவிகளின் தாமதத்தைக் கழித்துப் பார்த்தது. 231 என்று வந்த சராசரி 213ஆக இறங்கியது. கருவிக்குள்ளேயே 18 மில்லிசெக்கன் ஒளிந்திருந்தது. வயதும் ஆண்டுக்கு அரை மில்லிசெக்கன் கூட்டுகிறது என்று அவர்களே கண்டார்கள். 14 புள்ளி என்ற பெரிய வீடு எவ்வளவு மெல்லிய தூணில் நிற்கிறது!

இதற்கு நேர் எதிரான கணக்கும் உண்டு. நியூசிலாந்தில் வாழ்ந்து 2020இல் காலமான ஜேம்ஸ் பிளின், பல நாடுகளின் பழைய பரீட்சைத் தாள்களைத் தேடி எடுத்து 1984லும் 1987லும் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் புள்ளிகள் பத்தாண்டுக்குச் சுமார் 3 வீதம் ஏறிக்கொண்டே வந்திருந்தன. அப்படியானால் எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாரும் மந்தபுத்திக்காரரா? இல்லை என்றார் பிளின். அவர்கள் கண்ணால் கண்ட, கையால் தொட்ட உலகத்தில் யோசித்தார்கள். பள்ளிக்கூடம் எங்களுக்குப் பொருட்களை வகை பிரிக்கவும் இல்லாததை வைத்து யோசிக்கவும் பழக்கியது. பரீட்சை கேட்பது அந்தப் பழக்கத்தை.

மகள் இதைச் சோதித்தே பார்த்தாள். ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கு வைபரில் எடுத்து, "ஆடும் கோழியும் என்னத்திலை ஒண்டு?" என்று கேட்டாள். இரண்டும் பிராணி என்பது பரீட்சைக்காரர் எதிர்பார்க்கும் விடை. அம்மம்மா யோசிக்கவேயில்லை. "ரெண்டையும் பொழுதுபட முதல் அடைக்கவேணும் பிள்ளை. இல்லாட்டி நாய் கொண்டுபோயிடும்."

பரீட்சையில் அதற்குப் பூச்சியம். ஆனால் அந்த மனிசி திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் விற்றவ. இறாத்தல் ஒரு ரூபா முப்பத்தைந்து சதம் என்றால் ஏழரை இறாத்தல் எவ்வளவு என்று தராசு நிமிர முதல் சொல்லுவா: பத்து ரூபா பன்னிரண்டு சதம். மிச்சம் அரைச் சதத்தை வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுத்ததாகவும் சொல்லுவா. நாங்கள் இன்று ரெலிபோனைத் தட்டித்தான் சரிபார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

*

நோர்வேக் கதைக்கு வருவோம். இங்கே பரீட்சைப் புள்ளிகள் ஏறுவது நின்றுவிட்டது என்று 2004இலேயே எழுதினார்கள். மீன் பக்ரறியில் சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் இதைப் பேப்பரில் வாசித்துவிட்டு எங்கள் மேசைப்பக்கம் பார்த்தார். "ஆர் ஆரெல்லாமோ வந்தால் சராசரி இறங்கத்தானே செய்யும்" என்றார். நாங்கள் பாணைக் கடித்துக்கொண்டிருந்தோம். பதில் சொல்ல நோர்வே மொழி போதவில்லை. அன்றைக்குப் பிந்திய பதில் இன்னும் வாயில் கிடக்கிறது.

2018இல் பிராட்ஸ்பர்க், றோகபர்க் என்ற இரண்டு நோர்வேஜிய ஆய்வாளர்கள் அந்தப் பதிலை எங்களுக்காகச் சொன்னார்கள். 1962 முதல் 1991 வரை பிறந்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் படைப் பரீட்சைப் புள்ளிகளை எடுத்தார்கள். 1975 அளவில் பிறந்தவர்கள்வரை ஏற்றம், அதன்பின் இறக்கம். பிறகு ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டார்கள். அதே ஏற்றமும் அதே இறக்கமும் குடும்பத்துக்குள்ளேயே தெரிந்தன. ஆர் கூடப் பிள்ளை பெற்றார், ஆர் எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை விளக்காது. மாறியது அவர்கள் வளர்ந்த சூழல். பள்ளிக்கூடமோ, வாசிப்போ, பொழுதுபோக்கோ, அல்லது பரீட்சையே பழசாகிப்போனதோ, அது வேறு கேள்வி.

இரத்தத்தைக் குற்றஞ்சொல்லும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 'நல்ல இனவிருத்தி' என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவரும் 1883இல் இதே கோல்ரன்தான். ஹென்றி கொடார்ட் என்ற அமெரிக்கர் 1913இல் நியூயோர்க்கின் எலிஸ் தீவில், கப்பலின் அடித்தட்டில் வந்திறங்கிய யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பரீட்சை வைத்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் மந்தபுத்திக்காரர் என்று 1917இல் எழுதினார். வாரக்கணக்காகக் கடலில் அலைந்து, தெரியாத ஊரில், தெரியாத மொழியில் கேட்ட கேள்விக்குப் பிந்திப் பதில் சொன்னவர்கள் அவர்கள். நோர்வேயும் 1934இல் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. மந்தபுத்தி என்று எழுதப்பட்டவர்களும் அதற்குள் அடங்கினார்கள். அளவுகோல் ஒருவர் கையில் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்று இந்த நாடுகளுக்கே தெரியும்.

*

இனி எங்கள் வீட்டுக் கதை. மகளுக்கு 6 வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். பிள்ளை கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லுகிறாளில்லை, கிரகிப்பு மெதுவாக இருக்கிறது, விசேட வகுப்பு யோசிக்கலாம் என்றார்கள். வீட்டில் இரண்டு மொழி வேண்டாம், குழப்பும் என்று அன்பாகவும் சொன்னார்கள். நாங்கள் பயந்துபோனோம். அதே இரவு தமிழை நிற்பாட்டினோம். எங்கள் உடைந்த நோர்வே மொழியில் அவளைச் சாப்பிடச் சொன்னோம், நித்திரையாக்கினோம். ஒன்றரை வருடம்.

எதிர்வினை என்றால் என்னவென்று அறியாதவர்கள் அல்லவே நாங்கள்! 1990இல் போர் மறுபடி தொடங்கியபோது பொம்பரின் சத்தத்துக்கும் ஹெலியின் சத்தத்துக்கும் வித்தியாசம் பிடித்துப் பங்கருக்குள் பாய்ந்தவர்கள். 'சகடை' வருகிறதென்று அம்மம்மாதான் எல்லாருக்கும் முதல் கேட்பா. அன்று எங்கள் மில்லிசெக்கனை அளந்திருந்தால் கோல்ரன் மெச்சியிருப்பார். ஆனால் அந்த விரைவு பயத்தின் விரைவு. பள்ளிக்கூடத்துக் கதிரையிலும் அதே பயம்தான் எங்களைப் பாயவைத்தது. பிள்ளை மெதுவானவள் அல்ல, கேட்டதை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறாள் என்று நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. விசேட வகுப்பும் கடைசியில் தேவைப்படவில்லை. தமிழ்தான் போய்விட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஓரளவு மீட்டோம்.

பரிசோதனை முடிந்து வந்த அன்று அவள் தன் புள்ளியைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நீ மொக்கு இல்லை, உன்ரை தலைமுறையும் மொக்கு இல்லை, எங்களுக்குத்தான் அன்றைக்கு யோசனை பிந்தினது என்று மட்டும் சொன்னோம். தலையாட்டினாள்.

இரவு அம்மம்மாவுக்கு எடுத்தாள். "சோதினை எப்பிடி மேனை? பயந்தனியே?" என்று அம்மம்மா கேட்டா. மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். சொல்லைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. நாங்கள் எடுத்துக்கொடுக்கப் போனோம். கையைக் காட்டி மறித்தாள்.

"லைன் கட்டாய்ப் போச்சோ?" அம்மம்மாவின் குரல்.

"இல்லை அம்மம்மா, நில்லுங்கோ," என்றாள் மகள். "சொல்லுறன்."