மீட்டருக்கு இந்தப் பக்கம்

பினாங்கு சூலியா தெரு வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே உம்மம்மா மனதைப் பறிகொடுத்தது பின்கட்டுப் பைப்பிடம்தான் என்று உம்மா சொல்லிச் சிரிப்பார். ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். பிறந்து வளர்ந்தது இராமநாதபுரம் கடலோரம். அங்கே கிணறு தோண்டினால் உப்பு. குடிக்கிற தண்ணீர் என்றால் ஊரணி. கோடையில் ஊரணியும் வற்றிவிட்டால் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அப்படி வளர்ந்தவருக்கு, திருகினால் கொட்டுகிற நல்ல தண்ணீர் கடைசிவரை பழகவே இல்லை. பைப்பைச் சரியாக மூடாமல் போனால் எங்கள் காதைத் திருகுவார். "ஊர்ல இந்தச் சொட்டுக்கு ஒரு சண்டை நடக்கும்டா!"

ஆனால் அதே தண்ணீரைப் பச்சையாக ஒரு மிடறு குடிக்க விடமாட்டார். சுபுஹுக்கு எழுந்ததும் முதல் வேலை, பெரிய கெண்டியை அடுப்பில் ஏற்றுவது. தளதளவென்று கொதித்து, ஆறி, மண்கூஜாவுக்குப் போன பிறகுதான் அது எங்களுக்குத் தண்ணீர்.

எங்களுடையது பழைய கடைவீடு. முன்னால் அஞ்சடி நடைவழி, அதையொட்டி வாப்பாவின் கடை, உள்ளே போகப் போக இருட்டு, நடுவில் வானம் தெரிகிற முற்றம், அதன் ஓரத்தில் குளிக்கிற சிமெண்டுத் தொட்டி. விடிந்ததும் பைப்பைத் திறந்தால் முதலில் ஒரு செருமல், பிறகு தேயிலைச் சாயம் போலப் பழுப்புத் தண்ணீர். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தெளியும். அதன் வாயில் வெள்ளைத் துணிப்பை ஒன்றை ராத்தா நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார். வெள்ளிக்கிழமை அதை அவிழ்த்துத் துவைப்பது என் வேலை. உள்ளே துருத்தூள் சேறாகப் படிந்திருக்கும். இதையா குடிக்கிறோம் என்று குமட்டும்.

முனிசிபல் தண்ணீர்ப் பிரிவில் பைப்பு வேலை பார்த்த மாமா ஒருவர் அஸருக்குப் பிறகு எங்கள் அஞ்சடியில் வந்து உட்காருவார். தேத்தண்ணி ஒரு கிளாஸ் கையில் வந்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. ஒருநாள் நான் துணிப்பையைக் கொண்டுபோய் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "மலைத்தண்ணியில குத்தமில்ல தம்பி. ஒங்க வூட்டு இரும்புப் பைப்புக்கு ஒங்க நன்னா வயசு" என்றார். கருங்கல் மலையில் இறங்குகிற தண்ணீர் மென்மையானது, சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் அந்த மென்மையே இரும்பை அரிக்கும் என்றார். ராவெல்லாம் பைப்புக்குள் தேங்கி நின்ற தண்ணீர்தான் காலையில் சிவந்து வருகிறது.

பைப்பைத் திறந்தால் வரும் மருந்து வாடை உம்மாவுக்கு ஆகாது. அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. குளோரின் கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. கொஞ்சம் மிச்சமிருந்து வழியெல்லாம் காவலுக்கு வரும். வாடை வந்தால் நிம்மதியாக இருங்கள், அடியோடு வராமல் போனால்தான் விசாரிக்க வேண்டும். உம்மம்மா இதையும் கேட்டுவிட்டு, "பைப்பு போற வழியில சாக்கடையும்ல போவுது?" என்றார். மாமா சிரிக்கவில்லை. அழுத்தம் குறைகிற நேரத்தில் விரிசல் வழியாக வெளி அழுக்கு உள்ளே இழுபடலாம் என்று ஒப்புக்கொண்டார். பின்சந்தில் வாளிக் கக்கூஸ் இருந்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத உம்மம்மா கேட்டது சரியான கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன்.

தண்ணீர் வந்த வழி மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1800-களின் தொடக்கத்திலேயே அருவியிலிருந்து ஊருக்குச் செங்கல் கால்வாய் கட்டிவிட்டார்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களும் அந்தத் தண்ணீரைத்தான் நிரப்பிக்கொண்டு போயின. அருவியடியில் 1892-ல் நீர்த்தேக்கம் வந்தது. அங்கே இருந்த முருகன் சந்நிதி பிறகு இடம் மாறிக் குன்றின்மேல் ஏறியது. அதுதான் தண்ணீர்மலைக் கோயில். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு தெருவிலிருந்து அந்தப் பக்கமாகப் புறப்படும்போது நாங்களும் ஓடிப்போய்ப் பார்ப்போம். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல். நம் வீட்டுத் தண்ணீர் இறங்கிவந்த பக்கமே சாமி ஏறிப் போகிறது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும். 1962-ல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணையைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 1970-களில் பெருநிலத்திலிருந்து மூடா ஆற்றுத் தண்ணீர் கடலடிக் குழாயில் தீவுக்கு வரத் தொடங்கியது. கடலுக்கடியில் நல்ல தண்ணீர் ஓடுகிறது என்பதை உம்மம்மா கடைசிவரை நம்பவில்லை.

கொதிக்கவைத்துக் குடிக்கிற இத்தனை கட்டுப்பாடும் ஐஸ் கட்டி முன்னால் தோற்றுப்போகும். சாக்கு போர்த்திய பெரிய பாளங்களை அஞ்சடித் தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள். சுட்டாறின தண்ணீரில் கலக்கிய ரோஸ் சர்பத்தில் அதை உடைத்துப் போட்டு, பிஸ்மி சொல்லிக் குடிப்போம். எந்தத் தண்ணீரில் உறைந்த கட்டி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சுகாதார அதிகாரி டார்ச்சோடு வருகிற நாளில் மட்டும் தெருவே பதறும். கொசு ஒழிப்புச் சட்டம் 1975-ல் வந்த பிறகு சிமெண்டுத் தொட்டியில் புழு நெளிந்தால் அபராதம். மணல் போன்ற மருந்தைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். உம்மம்மா அன்றைக்குக் குளிக்கவே மாட்டார்.

இன்று பினாங்கின் தண்ணீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றுத் தண்ணீர். அதன் காடு கெடா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே மரம் வெட்டினால் இங்கே பைப்பு கலங்கும். இரு மாநிலத்து அரசியல்வாதிகளும் தண்ணீருக்கான காசைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் காட்டைப் பற்றிப் பேசுவதில்லை. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலை நடந்தபோது சுமார் 590,000 பயனீட்டாளர்களுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. வாளியும் டின்னும் மறுபடி வெளியே வந்தன. ஒற்றை நிலையத்தை நம்பியிருப்பது ஆபத்து என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

ஆனாலும் எனக்கு மூத்த சந்தேகம் வீட்டுக்குள்தான். எங்கள் ஊர் 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு சூலியா தெருக் கடைவீடுகள் பல, விடுதிகளாகி முகப்பில் பளபளக்கின்றன. சுவருக்குள் ஓடுகிற பைப்பை மாற்றினார்களா என்று தங்க வருகிறவர்கள் கேட்பதில்லை. மீட்டர் வரைக்கும்தான் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பாடு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், துரு போகாது. பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் இந்த வாரமே மேல்தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். இரும்புப் பைப்பு மிச்சமிருந்தால் சுவருக்கு வண்ணம் அடிக்கும் முன் அதை மாற்றுங்கள்.