பழைய கணினிக்கு வைஃபை

வைஃபை இல்லை என்பதற்காக நன்றாக ஓடும் கணினியை எடைக்குப் போடாதீர்கள், எனக்கு மனசு கேட்காது. யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும். அதை வாங்குமுன் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 மட்டும் என்றால் அதன் உச்ச வேகமே 480 எம்பிபிஎஸ். அட்டைப்பெட்டியில் 1300 என்று போட்டிருப்பதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

நகம் அளவே உள்ள குட்டி அடாப்டரும் வேண்டாம் என்பேன். பின்னால் செருகினால் கேபினெட்டின் இரும்புத் தகடே சிக்னலை மறைக்கும். எங்கள் வீட்டில் ஆன்டெனா வைத்த அடாப்டரை யுஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் மாட்டி மேசைமேல் வைத்திருக்கிறோம். அம்மாவின் வீடியோ கால் இப்போது தடங்கலில்லாமல் ஓடுகிறது!

ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 நன்றாக எட்டும். இரண்டையும் பிடிப்பதாக வாங்குங்கள். லினக்ஸ்காரர்கள் மீடியாடெக் எம்டி7612யு சிப்பைத் தேடலாம். கெர்னல் 4.19 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது.