மூணுல ஒரு பங்கு உனக்கில்ல!

டூர் கிளம்பும்போது 'எதுக்கும் இருக்கட்டும்'னு எத்தனை ஐட்டத்தைப் பைக்குள்ள திணிப்பீங்க? எனக்கு அந்த வியாதி ரொம்ப ஜாஸ்தி. கடைசியில் தண்ணிக்கு அடியிலதான் அதுக்கு வைத்தியம் நடந்தது.

2011-ல் ஃப்ளோரிடாவில் எம்.எஸ். படிச்சுக்கிட்டிருந்தேன். கெய்ன்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் ஜின்னி ஸ்பிரிங்ஸ்னு ஒரு நீரூற்று. தண்ணி சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும். அதுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் சுண்ணாம்புப் பாறைக் குகை. கடலில் டைவ் அடிக்கும்போது ஏதாவது சிக்கல்னா மேலே போயிடலாம். இங்கே தலைக்கு மேலே பாறை! போன வழியேதான் திரும்பணும். 'பயிற்சி இல்லாம இதைத் தாண்டாதே'னு எலும்புக்கூடு எமன் படம் போட்ட போர்டே உள்ளே வெச்சிருக்காங்க.

ரெண்டு வருஷம் ஸ்கூபா டைவ் அடிச்ச தைரியத்தில் குகை டைவிங் கோர்ஸில் சேர்ந்தேன். முதல் நாளே பயிற்சியாளர் என் பையை மேஜை மேல கொட்டச் சொன்னார். வெள்ளைத் தாடி, அறுபதைத் தாண்டின மனுஷர். ஒவ்வொரு பொருளா தூக்கிக் காட்டி ஒரே கேள்விதான்.

"இது இல்லைன்னா செத்துடுவியா?"

ஸ்நார்க்கல்? "மாட்டேன் சார்." அவுட்! கேமரா? அவுட். காலில் கட்டுற பெரிய கத்தி, கலர் கலரா தொங்குற கிளிப்... எல்லாமே அவுட். "குகைக்குள்ள வழிகாட்டக் கயிறு போகும். உன் மேல தொங்குற ஒவ்வொண்ணும் அதில் மாட்டுற கொக்கி" என்றார்.

சரி, மனுஷன் சிக்கனப் பேர்வழின்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, அவரே ரெண்டு ரெண்டா எடுத்து மாட்டறார்! முதுகில் ரெண்டு சிலிண்டர். மூச்சு விட ரெண்டு ரெகுலேட்டர். டார்ச் மட்டும் மூணு. உயிரைக் காப்பாத்துறதுன்னா ஒண்ணு பத்தாது. காப்பாத்தாததுன்னா ஒண்ணுகூட வேணாம். அவ்வளவுதான் கணக்கு. இந்த முறைக்கு 'ஹோகார்த்தியன்'னு பேர். பில் ஹோகார்த் மெயின் என்ற ஃப்ளோரிடா குகை டைவர் பேரில் வந்தது.

இதில் என்னை அசத்தினது 7 அடி ஹோஸ். கூட வர்றவனுக்குக் காத்து தீர்ந்தா, என் வாயில் இருக்கிற ரெகுலேட்டரையே எடுத்து அவனுக்குக் கொடுக்கணும். ஏன்னா, வேலை செய்யுதுன்னு சந்தேகமே இல்லாமத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்! நான் கழுத்தில் தொங்குற இன்னொண்ணை எடுத்துக்கணும். குறுகலான இடத்தில் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வரத்தான் அந்த நீளம்.

அடுத்து, காத்து. 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இருக்கிறதைவிட 4 மடங்கு காலியாகும். அந்த ஆழத்துக்கு 32% ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸ். இன்னும் கீழே போனா நைட்ரஜனே போதை ஏத்தும்; அதனால ஹீலியம் கலக்கணும். 'சுத்த ஆக்சிஜன் நல்லதாச்சே'னு ஆழத்தில் இழுத்தா வலிப்பு வரும். திரும்பும்போது, 6 மீட்டருக்கு வந்த பிறகுதான் அதைத் தொடலாம். சிலிண்டரில் என்ன இருக்குன்னு நாமே சோதிச்சு, எத்தனை மீட்டர் வரைன்னு எழுதி ஒட்டணும்.

எவ்வளவு காத்து செலவு பண்ணலாம்? ஷெக் எக்ஸ்லி என்ற டைவர், குகை விபத்துகளை அலசி 1979-ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் அழுத்திச் சொன்ன விதி, மூணு பங்கு விதி. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூணாவது பங்கு ஆபத்துக்கு. 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் உள்ளே போனா, 2000-ல் திரும்பியே ஆகணும்.

நாலாவது நாள். முள் 2000-ஐத் தொட்டது. ஆனா எதிரே குகை அகலமா விரியுது! 'இன்னும் கொஞ்ச தூரம்தானே'னு நீந்தினேன். 1800-ல் திரும்பினா... பின்னாடி வந்த பயிற்சியாளர் கையால கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை காட்டறார். 'எனக்குக் காத்து இல்லை!'

பயிற்சிதான்னு தெரியும். ஆனாலும் கை நடுங்குச்சு. நீள ஹோஸை அவருக்குக் கொடுத்தேன். ஒரே சிலிண்டர் ஜோடியில் ரெண்டு பேர். முள் சரசரன்னு இறங்குது. பாதி வழியில் 800! ஊற்று நீர் எங்களை வெளியே தள்ளினதாலதான் அவ்வளவாவது மிச்சம். அங்கே அவர் தன் ரெகுலேட்டரை எடுத்து வாயில் வெச்சுக்கிட்டு 'ஓகே' காட்டினார்.

கரையேறினதும் திட்டுவார்னு பார்த்தேன். திட்டலை. பலகையில் எழுதினார்.

'போக நீ செலவழிச்சது 1200. ரெண்டு பேர் திரும்ப 2400. உன்கிட்ட இருந்தது 1800.'

"மிச்சம் 600 யாரோட மூச்சு?" என்றார்.

பதில் சொல்ல முடியலை. ராத்திரி ரூமில் மறுபடி கணக்குப் போட்டேன். 2000-ல் திரும்பியிருந்தா, போக ஆயிரம்; ரெண்டு பேர் வர ரெண்டாயிரம். மிச்சம்... சரியா பூஜ்யம்! அந்த விதியிலேயே தாராளம்னு ஒண்ணும் கிடையாது. நான் 'எக்ஸ்ட்ரா'ன்னு நினைச்சுத் தொட்டது எக்ஸ்ட்ராவே இல்லை, அடுத்தவனோட பங்கு.

இப்பல்லாம் 2100-லேயே திரும்பிடறேன். கூட வர்றவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே!

உங்களுக்கும் 'இன்னும் கொஞ்சம் போயிடலாம் மச்சி'ன்னு தோணுற நேரம் வரும். தண்ணியில்தான்னு இல்லை, ராத்திரி பைக்கிலயும் வரும். அப்ப ஒரு செகண்ட் பின்னாடி திரும்பிப் பாருங்க. உங்க கையில் இருக்கிறதில் அவனோட பங்கும் இருக்கு!